கை மாறிய சுளுக்கு

எங்கள் முள்ளிக்கரையில் ஒரு சுளுக்கு வீடு வீடாக விருந்துக்குப் போய்வந்த பங்குனி மாதம் அது. உப்பளத்துப் பாத்திகள் வெயிலில் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தன, அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிச் சாலை நெடுக மைக்செட் குழாய்களைக் கட்டிவிட்டார்கள், இந்த வருசம் பெண்பிள்ளைகளுக்கும் சைக்கிள் பந்தயம் உண்டு என்று அந்தக் குழாய்கள் முதன்முதலாகப் பேசின, பேசிய அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுப் புஷ்பம் சைக்கிளோடு விழுந்தாள்.

புஷ்பம் என் வீட்டுக்காரருடைய தங்கை. அளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற வேலை அவளுக்கு. பின்னால் ஒரு குடம், முன்னால் பாருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று கட்டிக்கொண்டு, கடலிலிருந்து வருகிற எதிர்காற்றைத் தலையால் முட்டி முட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் மிதித்துப் போவதைப் பார்த்தால் பாத்தியில் நிற்கிற பெண்கள் பலகையை ஊன்றிக்கொண்டு, "அந்தா வாரா நம்ம ரயிலு" என்பார்கள். பந்தயத்தைப் பார்க்க டவுனிலிருந்து விளையாட்டு டீச்சர் ஒருவர் வருகிறார், முதலாவதாக வருகிற பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய் விடுதியில் தங்கவைத்துப் பெரிய பெரிய பந்தயங்களுக்குப் பழக்குவார், அதற்கு வயது வரம்பு உண்டு, புஷ்பத்துக்கு இந்த வருசத்தை விட்டால் அடுத்த வருசம் கிடையாது. இதைக் கேட்டதிலிருந்து அவள் சோற்றுத் தட்டைப் பிடிக்கிறபோதுகூட ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள்.

பந்தயத்தில் எல்கை என்று ஒன்று உண்டு, பாதி வழியில் திரும்புகிற இடம். கோயில் வாசலில் கிளம்பி, அளத்துக்குள்ளே பெரிய உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிற கம்பத்தைச் சுற்றி, அங்கே தன் ஊர் ஆள் நீட்டுகிற கொடியை வாங்கிக்கொண்டு, மறுபடி கோயிலுக்கு வந்து சேர வேண்டும். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு என்ன சட்டமோ அதேதான் சைக்கிளுக்கும். கம்பத்தில் வேகம் குறையாமல் திரும்பிப் பழகப்போனவள், சிந்திக் கிடந்த உப்பில் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து, எழுந்து வரும்போது மணிக்கட்டு பணியாரம்போல உப்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று சொல்லி இழுத்துக் கட்டுகிற துணியைச் சுற்றிவிட்டு, கொடை முடிகிற வரைக்கும் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் பொன்னுத்தாய் அந்தத் துணியை அவிழ்த்து, புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார்கள். அது காய்வதற்குள் பக்கத்துவீட்டு லிங்கக்கனி அக்கா தன் மீன்பெட்டியிலிருந்து ஐஸ்கட்டியை அள்ளிக்கொண்டு வந்து, "சூடு வைக்காதீய, குளுருதான் வைக்கணும்" என்று பற்றின்மேலேயே வைத்தாள். பிறகு ஒருவர் நொச்சி இலை ஒத்தடம் என்றார், ஒருவர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் என்றார், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, மறுநாள் பொழுது சாய்கிறபோது புஷ்பத்தின் கையில் ஒரு நேர விருந்துக்கு வேண்டிய சாமான் இருந்தது, வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"எல்லாரும் போங்க" என்று புஷ்பம் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுதுகொண்டே என் பக்கம் திரும்பி, "மதினி, மயிலு காலைக் கொண்டாங்க" என்றாள்.

மயிலு என் மகள். தலை முன்னால் வராமல் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்த பிள்ளையின் காலைச் சுளுக்கின்மேல் மூன்று தரம் இழுத்துவிட்டால் சுளுக்கு இறங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் மகளுக்குத் தவழ வருவதற்கு முன்னாலேயே வாசலில் கூட்டம் வந்துவிட்டது. அறிமுகம் இல்லாத ஆம்பிளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள், நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி பிள்ளையை மட்டும் வெளியே நீட்டுவேன். அவள் காலை ஊருக்கெல்லாம் தெரியும், என் முகத்தை யாருக்கும் தெரியாது. அதில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: காலை இழுத்துவிட்ட கையோடு பிள்ளையின் பாதத்தைக் கழுவி அந்தத் தண்ணீரை வேப்பமூட்டில் ஊற்ற வேண்டும், ஊற்றுகிறவரைக்கும் யாரும் யார் கையிலும் எதையும் கொடுக்கக்கூடாது. ஒரு சுளுக்குக்கு ஒரு தரம்தான், இரண்டாம் தரம் கேட்காது.

இழுத்துவிட்டோம். மயிலு கூச்சத்தில் கெக்கெக்கே என்று சிரித்தாள். மூன்றாம் தரம் இழுக்கும்போதே புஷ்பத்தின் கை வற்றியது, பணியாரம் அப்பளமாகிவிட்டது. விரலை மடக்கினாள், நீட்டினாள், காற்றில் இல்லாத பெல்லை அடித்தாள். "எம்மா! போயிட்டு! மதினி, போயிட்டு!" என்று துள்ளியவள், நான் சொம்புத் தண்ணீரை எடுப்பதற்குள், பிள்ளையை வாரி முத்தம் கொடுத்து, "இந்தாங்க" என்று என் கையில் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

அப்போது அது என் கைக்கு வந்தது. வலது மணிக்கட்டுக்குள் ஒரு கோழிக்குஞ்சு நுழைந்து, இடம் பார்த்து, சுருண்டு படுத்த மாதிரி இருந்தது. சூடாக இருந்தது, துடித்தது, வீங்கியது. வலிக்கவில்லையா என்றால் வலித்தது. ஆனால் புஷ்பம் தெருமுனையில் ஏறி மிதித்தபோது, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த என் கையும் தெருமுனையில் ஏறியது. தபாலாபீஸ் முன்னால் இருக்கிற பள்ளத்தில் அவள் சக்கரம் இறங்கியதும் என் மணிக்கட்டு தடக்கென்றது, அளத்துச் சாலையில் காற்று எதிர்த்ததும் என் விரல்களுக்கு இடையே காற்றுப் போனது, வலித்துக்கொண்டே குளிர்ந்தது. நான் சைக்கிளில் ஏறியதே கிடையாது. எங்கள் அம்மா வீட்டில் என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார்கள், ஆறாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குத்தான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமும் சைக்கிளும். அடுப்பில் சோறு பொங்கி வடிந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போய்வந்தேன்.

மாமியார் வந்து சோற்றுப்பானையைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள். "ஏளா சந்தனம், உனக்கு எப்படிட்டி சுளுக்கிச்சு?"

"எனக்கு இல்லத்தே. இது புஷ்பத்தோடது."

"சரி, கரண்டியைக் குடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். கொடுத்தேன். என் கை வற்றியது, அவர்கள் கை வீங்கியது. கரண்டியைப் பிடித்தபடியே மாமியார் கண்ணை மூடினார்கள். பிறகு, "இவ என்ன இம்புட்டு வேகமாவா போறா, மூதி" என்றார்கள். திட்டுகிற குரலில் ஆரம்பித்த அந்தப் பேச்சு முடிகிறபோது வேறு குரலாக இருந்தது.

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. கழுவி ஊற்றாத சுளுக்கு நிற்க இடமில்லாமல் நிற்கிறது, வைத்திருக்கிறவர் கையிலிருந்து எதை வாங்கினாலும் கூடவே வந்துவிடும், கொடுத்தவர் கை சுகமாகிவிடும். ஊரில் யாரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. மறுநாள் காலையில் லிங்கக்கனி அக்கா வந்து, "கொடை முடியுதவரைக்கும் யாராவது வச்சிருந்துதானே ஆகணும், பிள்ளை பந்தயத்துக்குப் போகணும்லா, ஒரு பொழுது நான் வச்சிக்கிடுதேன், தாங்க" என்று முந்தானையை ஏந்தினாள், ஏதோ வெள்ளரிக்காய் கேட்கிற மாதிரி. அவளுக்குப் பரிதாபம்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவளிடமிருந்து அடுத்த வீட்டுக்காரி வாங்கப்போனபோது, "இப்பத்தான் அவ பாலத்து இறக்கத்துல போறா, பொறு, இறங்கி முடிக்கட்டும்" என்று லிங்கக்கனி அக்கா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அதிலிருந்து பரிதாபம் போய்ப் போட்டி வந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் ஊரில் சைக்கிள் மிதித்த பெண்கள் கொஞ்சம்பேர். மற்றவர்கள் அவர்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தவர்கள். உப்பு வாரி வாரிக் கை காய்த்துப்போன பெண்கள் சுளுக்கை வாங்கிக்கொண்டு அம்பாரத்து நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள், அவர்கள் பங்குப் பாத்தியை மற்றவர்கள் வாரிக் கொடுத்தார்கள். வேதக்கோயில் தெருவில் ஜெபம் பண்ணிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். லிங்கக்கனி அக்காவால் மீன் அரிய முடியாத அன்றைக்கு வாங்க வந்தவர்களே அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்துகொண்டார்கள். மூக்குத்திக்காரி வீட்டு அக்காவும் தங்கையும், எப்போதோ ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி உப்பை நேராக வாங்கிவிட்டதால் சண்டை மூண்டு பேச்சு நின்றுபோனவர்கள். சுளுக்கை வாங்குவதற்காக ஒருத்தி வாசலில் ஒருத்தி நின்று, "எதையாவது குடுத்துத் தொலை" என்றாள், மற்றவள் ஒரு வெத்தலையைக் கொடுத்தாள், கொடுத்ததும், "பள்ளத்துல கையைத் தளத்தி விடு, இல்லேன்னா வலிக்கும்" என்று சொல்லியும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை.

உப்பு விசயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் ஊரில் உப்பை மட்டும் யாரும் யார் கையிலும் கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் பகை வரும். எத்தனையோ மூட்டை உப்பு விளைகிற ஊரில் அந்த அக்கா தங்கையைத் தவிர யாரிடமும் ஒரு பிடி உப்புகூடக் கைமாறியது கிடையாது, எல்லாம் வைத்து எடுத்ததுதான்.

சுளுக்கை வேண்டாம் என்று சொன்னது டீக்கடை சண்முகவேல் மாமா ஒருத்தர்தான். "எனக்கு டீ ஆத்துத கை. உங்க விளையாட்டெல்லாம் அடுப்படியோட வச்சிக்கிடுங்க" என்று, பெண்கள் காசு கொடுத்தால்கூட, "பெஞ்சில வைம்மா" என்பார்.

ஒரே ஒரு தரம் அது புஷ்பத்திடமே திரும்பிப் போனது. லிங்கக்கனி அக்கா ஞாபகமில்லாமல், மிதித்துப் போய்க்கொண்டிருந்தவளை மறித்து, "இந்தா, வீட்டுல குடு" என்று மீன்பையை நீட்டினாள். வாங்கிய நொடியில் புஷ்பத்தின் கை உப்பி, ஹேண்டில்பார் கோணி, மறுபடி விழுந்தாள். முழங்கால் சிராய்த்தது. பையைத் திருப்பிக் கொடுத்ததும் கை சரியாகிவிட்டது, ஆனால் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. "பந்தயத்துல இப்படி ஆச்சுன்னா நான் அவ்வளவுதான் மதினி" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "நடுரோட்டுல யாருகிட்டப் போய்க் குடுப்பேன்?"

"நாங்க இருக்கோம்லா" என்றேன். அவளிடம் சொன்னேனா, தட்டிடம் சொன்னேனா, எனக்கே தெரியாது. என் குரல் அவ்வளவுதான் வரும்.

கொடை நாளும் வந்தது. சுளுக்கு மாமியாரிடம் இருக்கட்டும், அவர்கள் யார் கையிலும் எதையும் கொடுக்கக்கூடாது என்று முடிவானது. வலது கையைச் சேலை முந்தியால் இடுப்போடு கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டு நேர்ச்சையாக வருசா வருசம் வெல்லம் கரைத்த பானக்காரம் கொடுக்கிற பந்தலில், எல்கைக் கம்பத்துக்குப் பக்கத்தில், மாமியார் சும்மா உட்கார்ந்தார்கள். ஊற்றிக் கொடுக்க மூக்குத்திக்காரி வீட்டு அக்கா தங்கை இருந்தார்கள். நான் பந்தல் மூலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தேன். நம்ம ஊர்க் கொடி மஞ்சள், அதைக் கம்பத்தடியில் பிடித்துக்கொண்டு நின்றவர் சண்முகவேல் மாமா. சுளுக்கை ஒரு நாளும் தொடாத கை என்பதால்தான் அவரை நிறுத்தியிருந்தார்கள். பந்தயத்துக்கு வந்த பக்கத்து ஊர் வடக்கூரின் கொடி நீலம்.

கோயில் வாசலில் வேட்டுப் போட்டார்கள். குழாய்களெல்லாம், "கிளம்பிட்டாங்கய்யா, கிளம்பிட்டாங்க" என்று கத்தின. அந்தக் கத்தலில் கூட்டம் அம்பாரத்தைச் சுற்றித் திரண்டு, வெயிலில் நாக்கு வறண்டு, "பானக்காரம், பானக்காரம்" என்று பந்தலை முட்டியது. அக்கா தங்கையால் சமாளிக்க முடியவில்லை. இத்தனை வருசமாக இந்தப் பந்தலில் வந்தவர் கையைக் காயவிடாத மாமியாருக்கு, ஒரு குழந்தை வெறும் கையை நீட்டி நின்றது பொறுக்கவில்லை போல. முந்தி எப்போது அவிழ்ந்தது என்று அவர்களுக்கும் தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மாமியார் இரண்டு கையாலும் தம்ளர் தம்ளராக மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே! கை!"

தன் கையைப் பார்த்தார்கள். வற்றிச் சுகமாக இருந்தது. "ஏயம்மா, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தம்ளர்கள் கைமாறிப் பின்வரிசைக்குப் போய்விட்டன. சுளுக்கும் கூடவே போயிருக்கிறது. முன்வரிசையில் ஒருத்தர், "ஜிவ்வுன்னு என்னவோ ஏறி இறங்கிச்சு" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், "எனக்கும்" என்றார். "எனக்குக் காத்து அடிச்சுது" என்று ஒரு கிழவர் சிரித்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலை முட்டாக்கு நழுவியதையும் பார்க்காமல், முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன், ஊராருக்கு நடுவே நான் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. யார் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்று மட்டும் தேடினேன்.

கம்பத்தடியில் சண்முகவேல் மாமா நின்றார். காலடியில் காலித் தம்ளர் கிடந்தது. வீங்கின கையில் மஞ்சள் கொடியைப் பிடித்தபடி, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில், சாலை வெள்ளையாக முடிகிற இடத்தில், சைக்கிள்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிட்டன.

பக்கத்தில் போய், "மாமா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. "மாமா, கொடியை என் கையில குடுத்திருங்க."

"இரு தாயீ" என்றார் கண்ணைத் திறக்காமல். "பாலத்து ஏத்தத்துல போறா பிள்ளை. ஏறி முடிக்கட்டும். ஒரு வாரமா நீங்கள்லாம் இதையா வச்சிருந்தீய? என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

"மாமா, அவ உங்க கையில இருந்து கொடி வாங்கினா அது அவளுக்குப் போயிரும். விழுந்துருவா."

"இந்தா தாரேன், இப்ப தாரேன்" என்றாரே தவிரக் கொடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நீலச் சட்டைக்காரி முன்னால் வந்துகொண்டிருந்தாள், வடக்கூர்ப் பிள்ளை. அவளுக்குப் பின்னாலேயே புஷ்பம். குடம் இல்லாத சைக்கிளில் அவள் உடம்பு பறக்கிற மாதிரி இருந்தது. அவள் வலது கையைத் தயாராக நீட்டத் தொடங்கிவிட்டாள். என் தொண்டையிலிருந்து, கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வந்தது.

"குடுங்கய்யா கொடியை!"

அம்பாரத்தில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் எழும்பிப் பறந்தன. சண்முகவேல் மாமா கண்ணைத் திறந்து, யார் இது என்று பயந்துபோய், கொடியை என் கையில் கொடுத்துவிட்டார். கோழிக்குஞ்சு என் கைக்குள் நுழைந்து சுருண்டது. இப்போது கொடியும் என்னிடம், சுளுக்கும் என்னிடம். யார் என்னிடம் இருந்து கொடியை வாங்கினாலும் அது கூடவே போகும், அவர் கையிலிருந்து புஷ்பத்துக்குப் போகும். வடக்கூர்க்காரி நீலக்கொடியைப் பிடுங்கிக்கொண்டு கம்பத்தைச் சுற்றிப் பறந்துவிட்டாள். புஷ்பத்தின் கை எனக்கு முன்னால் நீண்டு வருகிறது.

நான் யோசிக்கவில்லை. உப்பை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். திரும்பி, கொடிக்கம்பை அம்பாரத்து உப்பில் நட்டுவிட்டு, கையை எடுத்து விலகி நின்றேன்.

புஷ்பம் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், உப்பை ஒரு தரம் பார்த்தாள். உப்பளத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம், வைத்தால் எடுக்க வேண்டும். சைக்கிளைச் சாய்த்தாள், முழங்கால் தரையை உரச, முந்தி விழுந்த அதே சிந்தின உப்பில் சக்கரம் வழுக்க, வழுக்கின பக்கமே உடம்பைக் கொடுத்து, கொடியைச் செடிபோலப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, கம்பத்தைச் சுற்றிப் போய்விட்டாள்.

"செல்லாது!" என்று வடக்கூர்க்காரர் ஒருவர் துண்டை உதறினார். "கொடியைக் கையில குடுக்கணும், அதான் சட்டம்."

எல்கையில் நடுவராக நின்ற கமிட்டி அருணாசலம் அண்ணாச்சி அம்பாரத்தைக் காட்டினார். "கொடி எதுல இருந்துச்சு?"

"உப்புல."

"உப்புல இருந்ததை எவம்யா கையில குடுப்பான்? நான் ஒரு பிடி அள்ளித் தாரேன், நீரு வாங்குவீரா?"

துண்டை உதறியவரும் உப்பள ஊர்க்காரர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அது சரி" என்றார்.

சைக்கிள்கள் வளைவில் மறைந்துவிட்டன. கோயில் வாசல் அங்கிருந்து தெரியாது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் தவித்தபோது, சண்முகவேல் மாமா என் வீங்கின கையைக் காட்டி, "அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்கய்யா, அதுக்குத் தெரியும்" என்றார். எல்லோரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். எல்கையில் நின்ற மைக்செட்காரர் மைக்கை நீட்டினார். நான் வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினேன், அவரே என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மயிலு மைக்கைப் பிடித்து இழுத்தாள். நான் கண்ணை மூடினேன்.

"பாலத்துல ஏறுதா பிள்ளை" என்றேன். என் குரல் சாலை நெடுக ஒவ்வொரு குழாயிலும் வந்தது, அது என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை. "காத்து விரலுக்குள்ள போகுது. கையை இறுக்குதா. குனிஞ்சிட்டா."

"வடக்கூர்க்காரி எங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியல... இருங்க. என் கையில வலப்பக்கம் காத்து நின்னுபோச்சு. பக்கத்துல ஒரு ஆளு வருது. பக்கத்துலதான் வருது. விட மாட்டேங்குது. பாலம் இறங்குதா, இறங்குதா, ஏயம்மா, பிரேக்கைத் தொடலியே இந்தப் பிள்ளை!" கூட்டம் ஓவென்றது. மாமியார் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "தொடாதே மக்கா, தொடாதே" என்று அழுதுகொண்டே சிரித்தார்கள். "தபாலாபீஸ் பள்ளம் வருது" என்றேன். "கையைத் தளத்திட்டா. தடக்குன்னுச்சு. தாண்டிட்டா. எல்லாரும் கேளுங்க, வலப்பக்கம் காத்து வந்துட்டு! பக்கத்துல ஆளு இல்ல! காத்து ரெண்டு பக்கமும் வருது!"

மூக்குத்திக்காரி வீட்டு அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். வடக்கூர்க்காரர்கூடத் தன்னை மறந்து, "அப்புறம்? அப்புறம்?" என்றார். என் மணிக்கட்டு கொதித்தது, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் எனக்குள் வந்து வந்து போனது.

திடீரென்று ஒன்றும் இல்லை. கல் இல்லை, அதிர்வு இல்லை, இறுக்கம் இல்லை. கை இறகுபோல ஆகிவிட்டது.

நான் பேச்சை நிறுத்தினேன். குழாய்கள் எல்லாம் கம்மென்று ஆயின. மைக்செட்காரர் மெதுவாக, "என்ன தாயீ, விழுந்துட்டாளா?" என்றார்.

"விழுந்தா வலிக்கும்லா" என்றேன். "வலிக்கலையே." அப்போதுதான் எனக்கே புரிந்தது. அவள் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருந்தது, காற்று வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் முன்னால் வராமல் மேலே இருந்து வந்தது, வானத்துப் பக்கம் நீட்டின கையில் படுகிற காற்று.

"ஹேண்டில்பாரை விட்டுட்டா!" என்று கத்தினேன். "ரெண்டு கையையும் தூக்கிட்டா! புஷ்பம் ரெண்டு கையையும் மேல தூக்கிட்டா!"

கோயிலில் வேட்டுச் சத்தம் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

டவுன் டீச்சர் அன்றைக்கே புஷ்பத்தின் பேரை எழுதிக்கொண்டு போனார், அடுத்த வாரம் பஸ் ஏற்றிவிட்டோம். சண்முகவேல் மாமா இப்போதும் டீக்கடைப் பக்கம் போனால், "சந்தனம், ஒரு பொழுது குடுக்கக்கூடாதா" என்று இடக் கையால் டீ ஆற்றிக் காட்டுவார், பழகிக்கொண்டிருக்கிறாராம். நான் கொடுப்பதில்லை, கொடை முடிந்தும் சுளுக்கு என்னிடம்தான் இருக்கிறது. சோறு வடிக்கும்போது வலிக்கும், துணி பிழியும்போது வலிக்கும், ஆனால் காலையில் வாசல் தெளிக்கிற நேரத்துக்கு அவள் எங்கேயோ ஒரு பெரிய சாலையில், பள்ளமே இல்லாத சாலையில் ஏறுவாள். நான் வாளியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். மயிலு கையை நீட்டினால் பிஸ்கட்டைத் தரையில் வைப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள்.

போன மாசம் புஷ்பம் லீவுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் மணிக்கட்டைப் பார்த்து, "மதினி, இன்னுமா வச்சிருக்கீய? பாவம்லா நீங்க. எனக்கு இப்ப பந்தயம் இல்ல, எதையாவது என் கையில குடுங்க, நான் கொண்டுபோயிருதேன்" என்று கையை நீட்டினாள்.

நான் அவளுக்குக் காப்பி கொண்டுவந்தேன். நீட்டின கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தம்ளரை அவளுக்கு முன்னால், உப்பை வைக்கிற மாதிரி, கீழே வைத்தேன்.